கொடிவழி – 9: டி என்றால் தஞ்சாவூர்

டி. பாலசரஸ்வதி, டி. பிருந்தா, டி. முக்தா, டி. சங்கரன், டி. ரங்கநாதன், டி. விசுவநாதன். ஆறு பேரும் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள். வெவ்வேறு மகள்களின் வயிற்றில் பிறந்தவர்கள். ஆனாலும் தலைப்பெழுத்து ஒன்றேதான். அதைக் கொண்டு தகப்பன் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த ‘டி’ தஞ்சாவூர்.

சென்ற வாரங்களில் நாம் பார்த்த வம்சங்கள் எல்லாம் அப்பா, பாட்டன், பூட்டன் என்று மேலே ஏறிப் போனவை. பெண்கள் அவற்றில் இன்னாரின் மனைவி என்று ஓரமாக நிற்பார்கள். என் சொந்தக் குடும்பத்தின் கொடிவழியை எழுத உட்கார்ந்தபோது, பாட்டனுக்குப் பாட்டன் வரை பெயர் கிடைத்தது. அவருடைய மனைவியின் பெயரைச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு மனுஷியின் இடத்தில் காகிதத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த ஆறு பேரின் பாட்டியான வீணை தனம்மாளின் குடும்பத்தைத் தேடிப் போகிறவருக்கு அந்த உறுத்தல் இல்லை. தெரிந்த வரையில் மூத்தவர் பாப்பம்மாள். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரசவையில் ஆடியும் பாடியும் வாழ்ந்தவர். அவர் மகள் ருக்மணி. ருக்மணியின் மகள் காமாட்சி. காமாட்சியின் மகள் சுந்தரம்மாள். சுந்தரம்மாளின் மகள் தனம். அரசவையையும் கோயிலையும் சார்ந்து வாழ்ந்த இசை, நாட்டியக் குடும்பங்களில் பெண்ணே வாரிசு. வீடு, நகை, வித்தை எல்லாம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அதனால் பெயர்களும் போயின.

காமாட்சி பேர்போன ஆட்டக்காரி. எழுபத்தைந்து வயது வரை ஆடினார் என்று அந்த வீட்டில் சொல்வார்கள். சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். 1855இல் தஞ்சாவூர் அரசு முடிந்தபின் கலைஞர்கள் பலர் பிழைப்புக்குச் சென்னைப் பக்கம் வந்தார்கள். இன்று ஜார்ஜ் டவுன் என்கிற பகுதியில் 1867இல் தனம் பிறந்தார்.

தனம்மாளைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். அவர் வாசிப்பு அவ்வளவு மெல்லியது. விரலில் மீட்டி மாட்டிக்கொள்ளாமல், நகத்தாலும் விரல்நுனியாலுமே மீட்டுவார். ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை அவர் வாசிக்க உட்கார்ந்தால், ஊரின் பெரிய வித்வான்கள் பாயில் வந்து அமர்ந்து மூச்சை அடக்கிக் கேட்டார்கள். முதுமையில் பார்வை போன பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. 1938இல் மறைந்தார்.

அந்த வீட்டில் சொத்துப் பத்திரம் என்று நான் மதிப்பது அங்கே இருந்த பாட்டுகளைத்தான். சியாமா சாஸ்திரியின் கீர்த்தனைகள் தாய்வழியாக வந்தவை. தீட்சிதர் கிருதிகள் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமிருந்து வந்தன. க்ஷேத்ரய்யர் பதங்களைக் கொடுத்தவர் பார்வையற்ற பாடகரான வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸ். தர்மபுரி சுப்பராயர் தம் ஜாவளிகளைத் தந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தக் கை கொடுத்தது, எந்தக் கை வாங்கியது என்று சொல்லிவிடலாம். பாடாந்தரம் என்ற நம் சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான பொருள் எனக்குத் தெரியாது. பதிவேட்டில் எழுத்துப்பிழை வரும், கரையான் அரிக்கும். இந்தப் பாட்டுகளில் ஒரு கமகம் பிசகினால் பாட்டி அங்கேயே நிறுத்தித் திருத்துவார்.

தனம்மாளின் மகள்கள் ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி. கொள்ளுப்பாட்டியின் பெயர் கடைசி மகளுக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காமாட்சியின் பெண்கள்தான் பிருந்தாவும் முக்தாவும். பாட்டியின் பதங்கள் இவர்கள் குரலில் உயிரோடு இருந்தன. ராம்நாட் கிருஷ்ணன், அருணா சாய்ராம் என்று ரத்த உறவு இல்லாதவர்களுக்கும் பிருந்தா அவற்றைக் கொடுத்தார்.

கொள்ளுப்பாட்டி காமாட்சிக்குப் பிறகு வீட்டில் ஆட்டம் நின்றிருந்தது. ஆடும் பெண்களை ஊர் இழிவாகப் பேசத் தொடங்கிய காலம். அப்போது ஜயம்மாள், உறவினர் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் மகள் பாலாவை, அதாவது பாலசரஸ்வதியை, நட்டுவனார் கந்தப்பா பிள்ளையிடம் ஒப்படைத்தார். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் கோயிலில் அரங்கேற்றம். மகள் ஆட, ஜயம்மாள் பின்னணி பாடினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கொடுமைகளை நிறுத்த அது தேவையாக இருந்தது. ஆனால் அதையொட்டி வந்த அவமானத்துக்கு அஞ்சி எத்தனையோ குடும்பங்கள் பாட்டிகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்வதையே விட்டுவிட்டன. அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. சொல்ல முடியாதபடி செய்தவர்கள் மீதுதான். பாலசரஸ்வதி தம் குலத்தை ஒருநாளும் மறைக்கவில்லை. 1973இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது. அதுவரை எந்த நாட்டியக் கலைஞருக்கும் அது கிடைத்ததில்லை.

பாலாவின் தம்பிகள் ரங்கநாதனும் விசுவநாதனும் மிருதங்கத்தையும் புல்லாங்குழலையும் எடுத்துக்கொண்டு அமெரிக்கா போய், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார்கள். பாலாவின் மகள் லட்சுமி ஆடினார். லட்சுமியின் மகன் அனிருத்தா ஆடுகிறார். பாப்பம்மாளிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் தலைமுறை. மகளுக்கு மகள் என்று வந்த இந்தக் கொடியில் ஆட்டம் முதன்முதலாக ஒரு மகனிடம் வந்திருக்கிறது.

பாலாவுக்குக் கற்றுக்கொடுத்த கந்தப்பா பிள்ளை தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். அது ஆண்வழிக் கொடி, நட்டுவனார் கொடி. அடுத்த வாரம் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தஞ்சாவூருக்குப் போவோம்.

(தொடரும்)