தீயில் கடை போனது, நாணயம் போகவில்லை

தேக்காவில் தேநீருக்குக் கூடும் எங்கள் நண்பர் வட்டத்தில் இப்போதெல்லாம் சொந்தத் தொழில் பற்றித்தான் பேச்சு. எங்கே தொடங்கினாலும், “நட்டம் வந்தால் என்ன செய்வது?” என்ற கேள்வியில் வந்து நின்றுவிடும். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் நாராயண பிள்ளை.

1819 மே மாத இறுதியில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, ‘இந்தியானா’ கப்பலில் அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் பிள்ளை. கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் பணியோடு அவரது சிங்கப்பூர் வாழ்க்கை தொடங்கியது. அதோடு நின்றுவிடவில்லை. ஊரில் ஆள்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். வீடுகளோ மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. உறுதியான கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார் பிள்ளை. பினாங்குக்குச் சொல்லியனுப்பி தச்சர்களையும் கொத்தனார்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்ததாரர் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

அடுத்து கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை. வியாபாரம் நன்றாக வளர்ந்தது. ஆனால் 1822இல் பிடித்த தீயில் கடை முழுவதும் எரிந்துபோனது. ஐரோப்பிய வணிகர்களிடம் கடனுக்கு எடுத்திருந்த சரக்கும் சாம்பலானது. சரக்குப் போனாலும் கடன் அப்படியே இருந்தது.

பிள்ளை ஊரைவிட்டு ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து அவகாசம் கேட்டார். அவர்களும் காத்திருக்கச் சம்மதித்தார்கள். ராஃபிள்ஸிடம் நிலைமையை எடுத்துச் சொன்னதில், கமர்ஷியல் ஸ்குவேரில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேசில், இடம் கிடைத்தது. மறுபடியும் எழுந்தார். மூன்று ஆண்டுகளில் சேர்த்த நற்பெயர்தான் அன்று அவருக்கு முதலீடாக நின்றது என்று நினைக்கிறேன்.

அவர் மனம் கோயில் பக்கமும் திரும்பியிருந்தது. முதலில் தெலுக் ஆயரில் ஒதுக்கிய இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. பிறகு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே கிடைத்த இடம் நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் அமைந்தது. 1827இல் அங்கு எழுந்ததுதான் ஸ்ரீ மாரியம்மன் கோயில். செங்கல் சூளை வைத்தவர் எழுப்பிய கோயில் தொடக்கத்தில் மரமும் அத்தாப்பும்தான்! செங்கல் கட்டுமானம் 1843 வாக்கில் வந்தது. 1973இல் கோயில் தேசிய நினைவுச் சின்னமானது.

அக்காலத்தில் கோயில் வழிபாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கப்பலில் வந்திறங்கி, வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை திக்குத் தெரியாமல் நின்ற தமிழர்களுக்கு அதுவே புகலிடம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் தலைவராகவும் பிள்ளை நியமிக்கப்பட்டு, அவர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்த்துவைத்தார்.

சிராங்கூன் சாலையின் பழைய கதையிலும் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் உண்டு. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்று அழைத்தது அதனால்தான். இந்த நகரத்தை எழுப்பிய செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நம்மவர் உழைப்பு கலந்திருக்கிறது.

2019இல் இருநூற்றாண்டு நிறைவையொட்டி, சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோருடன் பிள்ளையின் சிலையும் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே சில நாள்கள் நின்றது. அந்தச் சிலை இப்போது அங்கே இல்லை. அப்பர் பாய லேபார் பக்கம் பிள்ளை சாலை இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் கோயில் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, தீயில் எல்லாம் இழந்தும் கடன்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேசத் துணிந்த மனிதரைப் பற்றியும் சொல்லுங்கள்.