அறுகோணத்தை நம்பி வாங்காதீர்கள்

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் ஏதாவது ஒரு மருந்துக்கடைக்குள் போய், சத்து மாத்திரைகளும் புரதப் பொடிகளும் அடுக்கியிருக்கும் தட்டைப் பாருங்கள். பல டப்பாக்களின் மேல் தேன்கூடு போல அறுகோணங்கள் இருக்கும், அவற்றை இணைக்கும் கோடுகள் இருக்கும், கோட்டின் முனையில் ஓ.எச். என்ற எழுத்துகள் இருக்கும். பள்ளியில் படித்த வேதியியல் லேசாக நினைவுக்கு வரும். ஆராய்ச்சி செய்து தயாரித்த சரக்கு என்ற நம்பிக்கை, பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே மனதில் உட்கார்ந்துவிடும்.

அந்த நம்பிக்கைக்கு அறுகோணம் ஆதாரம் ஆகாது. வைட்டமின் சி-யின் வளையத்துக்கு ஐந்து முனைகள்தான். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வளையமே இல்லாத, வளைந்து நெளியும் நீண்ட சங்கிலி. மஞ்சளின் குர்குமினில் உண்மையாகவே இரண்டு அறுகோணங்கள் உண்டு. ஆனால் படம் சரியாகவே இருந்தாலும், அது அந்தப் பொருள் எது என்பதை மட்டுமே காட்டும். டப்பாவுக்குள் அது எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைக் காட்டாது. 2024-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு 36 புரதப் பொடிகளைச் சோதித்தது. அவற்றில் ஏறக்குறைய 70 விழுக்காடு, டப்பாவில் சொன்ன புரத அளவுக்கு மாறாக இருந்தன.

சட்டம் படத்தையும் கேள்வி கேட்கிறது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன் 23-ஆம் பிரிவு, லேபிளில் உள்ள வாசகம் மட்டுமல்ல, வடிவமைப்பும் வாங்குபவரை ஏமாற்றக் கூடாது என்கிறது. நோய் தீர்க்கும் என்ற எண்ணத்தை உண்டாக்கவும் கூடாது. பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண், 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்ற சொல், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற எச்சரிக்கை, ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற அளவு, அதைத் தாண்டக் கூடாது என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். சித்த மருந்தும் சப்ளிமெண்டும் ஒன்றல்ல. மருந்து வேறு சட்டத்தின் கீழ், வேறு உரிமத்தோடு வருவது. மூலிகைச் சரக்கில் சந்தேகம் வந்தால், தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டிக் கேட்கலாம்.

யாருக்கு ஆபத்து?

வைட்டமின் டி அளவு மீறினால் உடம்பிலேயே தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே, மீன் எண்ணெய் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதப் பொடியைத் தொடக் கூடாது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, விடாத வாந்தி என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏமாந்தால் என்ன செய்வது?

பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளைச் சோதிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மக்கள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இணையத்தில் வாங்கி, கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும் அப்படித்தான். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வடிவமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் புறநகரில் வீட்டிலிருந்தே லேபிள் வடிவமைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மூலக்கூறின் கட்டமைப்பைப் படமாக வரைவது குற்றமில்லை, அழகான வேலைதான். ஆனால் உள்ளே இருக்கும் பொருளின் கட்டமைப்பையே வரையுங்கள். ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு வரையுங்கள். கட்டாய எச்சரிக்கையைப் படம் மூடிவிடாமல் பாருங்கள். கண் மங்கிய பெரியவர் ஒருவர் அந்த டப்பாவைக் கையில் எடுக்கும்போது, நீங்கள் வரைந்த படம்தான் அவரிடம் முதலில் பேசும். அது உண்மையைப் பேசட்டும்.