சங்கப் பலகையின் கீழே கூட்டுகிறவருக்குச் சங்கம் இல்லை

வடபழனியில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களின் சம்மேளனமான பெப்சி இங்கேதான் இருக்கிறது. லைட்மேனுக்கு ஒரு சங்கம், மேக்கப் போடுகிறவருக்கு ஒரு சங்கம், சண்டைக் கலைஞருக்கு ஒரு சங்கம். கொஞ்ச தூரத்தில் பஸ் டிப்போ; அங்கே கட்சிக்கு ஒரு தொழிற்சங்கக் கொடி. அந்தக் கொடிகளுக்குக் கீழே விடியற்காலையில் தெருக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம், "உங்களுக்குச் சங்கம் இருக்கா அக்கா?" என்று கேட்டோம்.

"சங்கமா? எங்களுக்கு சூப்பர்வைசர்தான் தம்பி இருக்காரு. ரெண்டு நாள் லீவு கேட்டா, நாளையிலேர்ந்து வராதேன்னுவாரு" என்று சொல்லிவிட்டு அவர் துடைப்பத்தை எடுத்தார்.

தொழிற்சங்கங்கள் ஏன் தேய்ந்தன என்று கேட்டால் பல பதில்கள் வரும். தாராளமயம் வந்தது, ஆலைகள் மூடப்பட்டன, கட்சிகள் சங்கங்களைப் பங்குபோட்டுக்கொண்டன, தலைவர்கள் விலைபோனார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சேரியிலிருந்து பார்க்கிற நமக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. கடைசி ஆளைச் சங்கம் எப்போது வெளியே விட்டதோ, அப்போதே அது கரையத் தொடங்கிவிட்டது.

இது இன்று நேற்று நடந்ததல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் பலம். பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் அதை வளர்த்தார்கள். சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே ஆலையில் வேலை செய்தார்கள். ஆனால் வேலை முடிந்தால் தெரு வேறு, தண்ணீர் வேறு.

1921 வேலைநிறுத்தத்தில் இந்த விரிசல் வெடித்தது. முந்தைய போராட்டத்தில் கூலி இல்லாமல் பட்டினி கிடந்த ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இன்னொரு நீண்ட போராட்டத்தைத் தாங்கும் வசதி இல்லை. கைமாற்று தர உறவும் இல்லை, ஊரில் நிலமும் இல்லை. எம்.சி.ராஜா அவர்களை வேலைக்குத் திரும்பச் சொன்னார். நிர்வாகமும் அரசும் அதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டன. அந்த ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. கலவரம், துப்பாக்கிச் சூடு என்று மாதங்கள் ஓடின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

சங்கத்தை உடைத்தவர்கள் ஆதிதிராவிடர்கள் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: பசித்தவனின் அடுப்பைப் பற்றி யோசிக்காத சங்கம், அவன் ஏன் நிற்கவில்லை என்று எப்படிக் கேட்க முடியும்?

அம்பேத்கர் இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர்களிடம் பேசும்போது, உழைப்பவனுக்கு முதலாளித்துவம், பார்ப்பனியம் என இரண்டு எதிரிகள் உண்டு என்றார். பம்பாய் பஞ்சாலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்காததை அவர் சுட்டிக்காட்டினார். நூலை வாயால் உறிஞ்ச வேண்டியிருந்ததால், தீட்டு என்று விலக்கியவர்கள் முதலாளிகள் அல்ல, சக தொழிலாளர்களே. அதே அம்பேத்கர்தான், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என 1943-இல் மசோதா கொண்டுவந்தார்.

சேரி மக்களை நடுவில் வைத்துக் கட்டிய சங்கம் என்ன செய்யும் என்பதற்குக் கீழத்தஞ்சை சாட்சி. பி.சீனிவாசராவ் போன்றோர் 1940-களில் பண்ணையாட்களைத் திரட்டிச் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டினார்கள். அந்தச் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் கூலி உயர்வு கேட்டதற்கும்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

பிறகு வந்த அடி சட்டத்தின் வழியாக வந்தது. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் தடை வந்தாலும் அந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாடு அரசு ஊழியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். நிரந்தரப் பணியாளர்களின் சங்கங்கள் தம் உறுப்பினர்களைக் காக்கவே போராடின; ஒப்பந்தக்காரரிடம் இருந்தவர்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்கவில்லை. நிரந்தரக்காரர்கள் ஓய்வுபெற, அந்த இடங்களில் ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். சங்கத்தின் சந்தா நோட்டு மெலிந்துகொண்டே போனது.

முதலில் ஒப்பந்தத்துக்குத் தள்ளப்பட்ட வேலைகள் எவை? கூட்டுவது, பெருக்குவது, குப்பை அள்ளுவது, சாக்கடை தூர்ப்பது. யார் பார்க்கும் வேலைகள் என்று சொல்லத் தேவையில்லை. வடபழனி அடங்கிய கோடம்பாக்கம் மண்டலத்தின் குப்பைப் பணி 2020-இல் தனியாருக்குப் போனது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. புளியந்தோப்பு இந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் வருகிறது. சங்கம் கட்டிய தலைவரின் பெயர் மண்டலத்துக்கு இருக்கிறது; அங்கே கூட்டுகிறவருக்கு வேலை உத்தரவாதம் இல்லை.

இப்போது, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 300 பேருக்குக் குறைவாக உள்ள தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 100. நிரந்தரக்காரரும் இனி நம் அக்காவின் பக்கத்தில் வந்து நிற்கப் போகிறார். நேற்று நமக்கு நடந்தபோது வேடிக்கை பார்த்தது இன்று எல்லோர் வாசலுக்கும் வந்துவிட்டது.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். சங்கம் தொடங்க ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். அங்கே வேலை செய்பவர்களில் பத்தில் ஒரு பங்கினரோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் போதும். நாளை நீங்கள் கம்பெனிக்கோ அலுவலகத்துக்கோ போவீர்கள். அங்கே சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கழிப்பறை கழுவுகிறவர் அதில் உறுப்பினரா என்று கேளுங்கள். உங்கள் ஊர்த் தூய்மைக் காவலரிடமும் போய்க் கேளுங்கள். அவர்கள் இல்லாத சங்கம் எத்தனை பெரிய பலகை வைத்தாலும் நிலைக்காது.