கதையிலும் கடலிலும் ஓடிய ‘நாட்டிலஸ்’

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது தமிழர் வழக்கம். ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ ஆனது என்பார்கள். கடற்படைகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஒரு போர்க் கப்பல் மூழ்கிப் போனாலோ, வயதாகி ஓய்வு பெற்றாலோ, அதன் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவார்கள்.

அப்படி 200 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வரும் பெயர் ‘நாட்டிலஸ்’. இந்தப் பெயரைத் தாங்கிய கப்பல்களில் மிகப் புகழ் பெற்றது எந்தத் துறைமுகத்துக்கும் வந்ததில்லை. அது கதையில் ஓடிய கப்பல். அதன் கேப்டன் ஓர் இந்தியர்!

நாட்டிலஸ் என்பது கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. ‘மாலுமி’ என்று பொருள். சுருண்ட ஓடு கொண்ட ஒரு கடல் உயிரினத்துக்கும் இதுவே பெயர். அதன் ஓட்டுக்குள் சிறு சிறு அறைகள் உண்டு. அவற்றில் உள்ள நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்து அது கடலில் மிதக்கிறது. நீர்மூழ்கிக் கப்பலும் அப்படித்தான். தொட்டிகளில் நீரை நிரப்பினால் மூழ்கும். நீரை வெளியேற்றினால் மேலே வரும்.

நெப்போலியன் கைவிட்ட கப்பல்

முதல் நாட்டிலஸ் நீர்மூழ்கியைக் கட்டியவர் ராபர்ட் புல்டன். அமெரிக்கர். பிரான்சு நாட்டுக்குச் சென்று, அங்கே 1800-ம் ஆண்டு அதைக் கட்டினார்.

இரும்புச் சட்டத்தின் மேல் செப்புத் தகடு வேய்ந்த கப்பல் அது. நீளம் சுமார் 21 அடி. நீருக்கு மேலே பாய் விரித்து ஓடும். உள்ளே இறங்கியதும், ஆட்கள் கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதனால் விசிறி சுழன்று கப்பல் நகரும். 1801-ம் ஆண்டு புல்டனும் அவருடைய ஆட்களும் 25 அடி ஆழத்தில் ஒரு மணி நேரம் இருந்து காட்டினார்கள்.

இங்கிலாந்தின் பெரிய கடற்படையை இந்தச் சிறிய கப்பல் அடக்கி விடும், கடல் எல்லா நாட்டுக்கும் பொதுவாகி விடும் என்பது புல்டனின் நம்பிக்கை. ஆனால் அது நகரும் வேகத்தில் எதிரிக் கப்பலை நெருங்க முடியவில்லை. மறைந்திருந்து தாக்குவது வீரம் அல்ல என்று சொன்னவர்களும் உண்டு. நெப்போலியன் ஆட்சி ஆதரவை நிறுத்தியது. புல்டன் கப்பலைப் பிரித்துப் போட்டு விட்டார்.

பிறகு தாய்நாடு திரும்பி, 1807-ம் ஆண்டு ஹட்சன் நதியில் நீராவிப் படகை ஓட்டிப் பெரும் புகழ் பெற்றார். நீர்மூழ்கியை உலகம் மறந்தது.

நெமோ யார்?

மறந்து போன பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். கடலுக்கு அடியில் 20 ஆயிரம் ‘லீக்’ தூரம் பயணம் செய்யும் கதையை அவர் 1869-ம் ஆண்டு தொடராக எழுதத் தொடங்கினார். (20 ஆயிரம் லீக் என்பது ஆழம் அல்ல, சென்ற தூரம்.) அந்தக் கதையின் நாட்டிலஸ் 70 மீட்டர் நீளம். மின்சாரத்தில் ஓடும். தெருவிளக்குக்கே மின்சாரம் வராத காலம் அது!

கப்பலின் கேப்டன் பெயர் நெமோ. லத்தீன் மொழியில் ‘யாரும் இல்லை’ என்று பொருள். கப்பலின் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு நாட்டுத் தொழிற்சாலையில் ரகசியமாகச் செய்யச் சொல்லி, ஆளில்லாத தீவில் வைத்துப் பூட்டியவர் அவர்.

நெமோவை ரஷிய ஆட்சியால் குடும்பத்தை இழந்த போலந்து நாட்டவராகக் காட்டவே வெர்ன் முதலில் நினைத்தார். பதிப்பாளர் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்தக் கதை முடியும் வரை நெமோவின் நாடு எது என்று வெர்ன் சொல்லவே இல்லை. 1875-ம் ஆண்டு முடிந்த இன்னொரு கதையில்தான் ரகசியம் வெளிப்பட்டது. நெமோ, பண்டல்கண்ட் இளவரசர் தக்கார்! திப்பு சுல்தானின் உறவினர். 1857-ம் ஆண்டு வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டவர். மனைவி மக்களை இழந்து, கடலுக்குள் சென்று மறைந்தவர்.

ஆனால் முதல் கதையிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் காட்சி நடக்கும் இடம் மன்னார் வளைகுடா. முத்துக் குளிக்கும் ஏழை இந்தியர் ஒருவரைச் சுறா தாக்க வருகிறது. நெமோ வெறும் கத்தியுடன் அதன் மேல் பாய்கிறார். காப்பாற்றிய பின், அந்த ஏழையின் கையில் ஒரு பை நிறைய முத்துகளைக் கொடுக்கிறார். அடிமைப்பட்ட நாட்டவன் அவன், தானும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவனே என்ற பொருளில் பேசுகிறார். மன்னார் கடலில் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

1954-ம் ஆண்டு வால்ட் டிஸ்னி இந்தக் கதையைப் படமாக்கினார். நெமோவாக நடித்தவர் ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன். இந்திய நடிகர் ஒருவர் நெமோவாக ஹாலிவுட் படத்தில் தோன்றியது 2003-ம் ஆண்டில். அவர் நசீருதீன் ஷா.

வட துருவத்தின் அடியில்

கதையைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1931-ம் ஆண்டு ஹூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியர், அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கி ஒன்றைப் பெற்று, ‘நாட்டிலஸ்’ என்று பெயரிட்டார். பனிக்கட்டிக்கு அடியில் வட துருவம் போவது அவர் திட்டம். வழியில், கப்பல் மூழ்க உதவும் சுக்கான்கள் காணாமல் போயின. பயணம் தோற்றது.

அதே சமயம் அமெரிக்கக் கடற்படையிலும் ஒரு நாட்டிலஸ் நீர்மூழ்கி இருந்தது. 1942-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, மிட்வே சண்டையில் அது ஜப்பானியக் கப்பல் படைக்குள் புகுந்தது. அதை விரட்ட ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் பின்தங்கியது. பிறகு தன் படையுடன் சேர அது வேகமாக விரைந்தபோது, அமெரிக்க விமானங்கள் அதைக் கண்டு, அது போன திசையிலேயே பறந்தன. சில நிமிடங்களில் ஜப்பானின் 3 விமானம் தாங்கிக் கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன!

அந்தக் கால நீர்மூழ்கிகளுக்கு ஒரு பெரிய குறை. டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும். நீருக்கு அடியில் பேட்டரியில்தான் ஓடலாம். பேட்டரி தீர்ந்தால் மேலே வர வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்த்தது அணுசக்தி. அணு உலைக்குக் காற்று தேவை இல்லை. ஹைமன் ரிக்கோவர் என்ற கடற்படை அதிகாரி பிடிவாதமாக நின்று, உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியைக் கட்ட வைத்தார். 1954-ம் ஆண்டு கடலில் இறங்கிய அதற்கும் பெயர் நாட்டிலஸ்தான். 1957-ம் ஆண்டு பிப்ரவரிக்குள் அது 60 ஆயிரம் கடல் மைல் ஓடி விட்டது. ஒரு லீக் என்பது 3 கடல் மைல் என்று கொண்டால், அது கதையில் சொன்ன அதே 20 ஆயிரம் லீக்!

1958-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி, 116 பேருடன் வட துருவத்தின் பனிக்கட்டிக்கு அடியில் அது கடந்து சென்றது. வில்கின்ஸ் கண்ட கனவு நிறைவேறியது. 1980-ம் ஆண்டு ஓய்வு பெற்ற அந்தக் கப்பல், கனெக்டிகட் மாநிலம் கிராட்டன் நகரில் காட்சிக்கு நிற்கிறது.

வல்லரசை எதிர்க்க நெமோ ஓட்டிய கப்பலின் பெயர், கடைசியில் ஒரு வல்லரசின் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. அணுசக்தி நீர்மூழ்கிகள் பின்னர் அணுகுண்டு ஏவுகணைகளையும் சுமக்கத் தொடங்கின. கடல் பொதுவாகும் என்ற புல்டனின் நம்பிக்கை மட்டும் பலிக்கவில்லை.

மசகான் டாக்கில்...

இந்தியக் கடற்படைக்கும் பெயர் சூட்டும் இந்த வழக்கம் உண்டு. நம் முதல் நீர்மூழ்கி ‘கல்வரி’, 1967-ம் ஆண்டு சோவியத் யூனியனில் இருந்து பெறப்பட்டது. 1996-ம் ஆண்டு ஓய்வு பெற்றது. 2017-ம் ஆண்டு அதே பெயரில் புதிய நீர்மூழ்கி படையில் சேர்ந்தது. பிரெஞ்சு வடிவமைப்பில், மும்பை மசகான் டாக்கில் கட்டப்பட்ட கப்பல் அது. தொடர்ந்து காந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்‌ஷீர் ஆகியவை வந்தன. ஆறும் பழைய கப்பல்களின் பெயர்களே.

இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கி ‘அரிஹந்த்’ 2009-ம் ஆண்டு விசாகப்பட்டினத்தில் கடலில் இறக்கப்பட்டது. அதற்கான அணு உலையின் மாதிரி முதலில் ஓடியது தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில்.

அன்னிய நாட்டுத் தொழிற்சாலைகளில் பொய்ப் பெயரில் பாகம் வாங்கித்தான் ஓர் இந்தியர் நீர்மூழ்கி கட்ட முடியும் என்று வெர்ன் எழுதினார். இன்று மசகான் டாக் வாசலில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளிகள், அந்த வேலையைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே செய்கிறார்கள்.