மனம் நோகாமல் மறுக்கும் கலை

பழைய சீனத் திருமணம் என்றதும் சிவப்புப் பல்லக்கும் மணமகளின் முகத்தை மூடிய சிவப்புத் துணியும் பட்டாசுமே பலருக்கு நினைவுக்கு வரும். அவை கடைசி நாளின் காட்சிகள். அதற்கு முன் நடந்த நீண்ட பேச்சில்தான் அந்த மரபின் அறிவுக்கூர்மை தெரிகிறது. கன்பூசிய மரபின் சடங்கு நூலான 'யி லி' திருமணத்தை ஆறு படிகளாக வகுத்தது: பெண் கேட்டுத் தூது அனுப்புவது, பெண்ணின் பெயரைக் கேட்பது, குறி பார்த்து நல்ல பதில் வந்ததைத் தெரிவிப்பது, பரிசம் கொடுப்பது, நாள் குறிப்பது, மாப்பிள்ளையே போய்ப் பெண்ணை அழைத்து வருவது. ஒன்றையொன்று அறியாத இரண்டு குடும்பங்கள், பதிவு அலுவலகம் இல்லாத காலத்தில், பகை வளராமல் நெருங்கவும் விலகவும் செய்துகொண்ட ஏற்பாடு இது என்பதே என் கருத்து. முதல் மூன்று படிகள் வரை திரும்பிவிடலாம். நான்காவது படியில் பரிசம் கைமாறியபின் அந்த வழி அடைபட்டுவிடும்.

இதற்குச் சான்று அந்தச் சடங்குகளிலேயே இருக்கிறது. ஆறு படிகளில் ஐந்துக்குக் காணிக்கை ஒரு காட்டு வாத்துதான். பரிசம் கொடுக்கும் படிக்கு மட்டும் வாத்து கிடையாது. பட்டுத்துணிக் கட்டும் இரண்டு மான்தோல்களும் போகும். அடையாளம் முடிந்து சொத்து கைமாறும் இடம் அதுதான். பின்னாளில் சட்டமும் இதே இடத்தில் கோடு கிழித்தது. கி.பி. 653-ஆம் ஆண்டின் தாங் சட்டப்படி, பெண் வீட்டார் திருமண ஓலைக்கு இசைந்து பதில் எழுதிய பிறகோ பரிசம் வாங்கிய பிறகோ மனம் மாறினால் 60 தடியடி. மாப்பிள்ளை வீட்டார் மாறினால் அடி இல்லை. கொடுத்த பரிசம் மட்டும் திரும்பி வராது. இரு தரப்பையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

'எல்லாம் சோதிட மூடநம்பிக்கைதானே' என்று கேட்கலாம். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து என எட்டு எழுத்துகளைக் கொண்டு பொருத்தம் பார்த்தார்கள். பல ஊர்களில் பெண்ணின் பிறப்புக் குறிப்பை முன்னோர் பீடத்தில் மூன்று நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் வீட்டில் சண்டையோ பாத்திரம் உடைவதோ நேர்ந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அந்த எழுத்துகள் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பெண் வீட்டின் வறுமையையோ மாப்பிள்ளையின் நடத்தையையோ வாய்விட்டுச் சொல்லாமல் விலக அவை உதவின என்பதை மறுக்க முடியாது. மறுப்பைச் சுமந்து போகத் தரகுக்கார அம்மாள் இருந்தாள். அவளை மெய்போ என்பார்கள். இரு வீட்டாரும் நேரில் முகம் பார்க்காததால் யாருக்கும் அவமானம் இல்லை. கூலிக்காக அவள் பொய் சொல்வாள் என்ற கெட்ட பெயர் உண்மையானதே. சூங் காலத்துக் குடும்பங்கள் மூன்று தலைமுறையின் பெயர்களையும் சீதன விவரத்தையும் எழுத்தில் பரிமாறிக்கொண்டதற்கு அந்த அவநம்பிக்கையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அக்காலத் தலைநகர வாழ்க்கையை எழுதி வைத்த நூல்கள் இன்னொரு வழக்கத்தையும் சொல்கின்றன. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்திருந்தால் அவள் கூந்தலில் ஒரு தங்க ஊசியைச் செருகுவார்கள். பிடிக்காவிட்டால் பெண்ணின் மனக்கலக்கம் ஆற இரண்டு பட்டுத்துணிகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்பதற்கும் ஒரு மரியாதை வைத்திருந்த சமூகம் அது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. விலகும் வழி குடும்பங்களுக்கு இருந்தது, மணமகளுக்கு இருந்ததா? 1919 நவம்பரில் சாங்ஷா நகரில் சாவ் வூசென் என்ற இளம்பெண், தான் விரும்பாத திருமணத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது பல்லக்குக்குள்ளேயே கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தாள். அப்போது அங்கே பத்திரிகைகளில் எழுதிவந்த இளைஞர் மாவோ, இந்தச் சாவுக்குச் சமூகமே பொறுப்பு என்று வாதிட்டு அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். இந்த மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஏற்கத்தான் வேண்டும். ஆறு படிகளில் ஒன்றுகூடப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பதற்கென்று வைக்கப்படவில்லை. மணமகனையும் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. பெற்றோர் எப்போது பின்வாங்கலாம் என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள், அந்தப் பெண் பின்வாங்க ஒரு வழியை யோசிக்கவே இல்லை.

1950 மே 1 அன்று வெளியான திருமணச் சட்டம் கட்டாயத் திருமணத்தையும் திருமணத்தின் பேரில் பணம் கறப்பதையும் தடை செய்தது; ஆணும் பெண்ணும் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும் என்றது. பெற்றோர் பேச்சு அதனால் ஓய்ந்துவிடவில்லை. ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் பிள்ளைகளின் வயது, உயரம், சம்பளம், வீடு பற்றிய குறிப்புகளைக் குடைகளில் ஒட்டிவைத்துப் பெற்றோர் காத்திருக்கிறார்கள். பரிசமும் போகவில்லை. உறவு முறிந்தால் அதை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்குகள் பெருகியதால், உச்ச மக்கள் நீதிமன்றம் இதற்கென்றே வகுத்த விதிகள் 2024 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு நடந்ததா, சேர்ந்து வாழ்ந்தார்களா, எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள், கருத்தரித்தலோ குழந்தையோ உண்டா என்று பார்த்துத்தான் நீதிபதி பரிசத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறார்.