பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்

அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களின் காகிதக் கட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே கதைதான். விலையில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ அட்வான்ஸாகப் போயிருக்கும். கையில் மிஞ்சுவது ரசீதும் வழவழப்பான விளம்பரத் தாளும். ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது. "பெரிய கம்பெனி, ஓடிப்போக மாட்டான்" என்பார்கள். ஓடத் தேவையே இல்லை, கட்டாமல் இழுத்தடித்தாலே போதும். "ரெரா நம்பர் இருக்கிறதே" என்பது அடுத்த சமாதானம். அந்த எண் அரசாங்க உத்தரவாதம் அல்ல. அதை, இந்தச் சட்டத்தின்கீழ் மாநிலத்தில் அமைந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு, நில உரிமை, திட்ட அனுமதி, பில்டரே எழுதிக் கொடுத்த முடிவுத் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். மனை 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் எட்டுக்குள் என்றால் ரெரா பதிவே கட்டாயமில்லை. அங்கே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

சொன்ன தேதியில் வீடு வரவில்லையென்றால் 18-ஆவது பிரிவு இரண்டு வழி தருகிறது: விலகிக்கொண்டு கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம், காத்திருக்கிறேன் என்றால் சாவி கைக்கு வரும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் பணமும் வட்டியும் கேட்கும் மனு 'எம்' படிவத்தில் ஆணையத்துக்குப் போக வேண்டும். நஷ்டஈடு கேட்பது 'என்' படிவத்தில் தீர்ப்பு அலுவலருக்கு. இவ்விரு அதிகாரங்களும் தனித்தனி என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாக்கிவிட்டது. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், பில்டரின் கடிதங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்ததைக் கேட்க வழி இருக்காது. ரொக்கம் வேண்டாம்.

தாமதத்துக்கு நஷ்டஈடு சதுர அடிக்குச் சில ரூபாய்தான் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஒருதலையாக எழுதப்பட்ட அத்தகைய ஷரத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தயக்கத்தால் லாபம் பில்டருக்குத்தான்.

உண்மையான சிக்கல் உத்தரவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பில்டர் கட்டாவிட்டால் அந்தத் தொகையை நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம் என்கிறது 40-ஆவது பிரிவு. அதற்கான சான்று கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். போன இடத்தில் தூங்கவும் தூங்கும். விவசாயியின் சிறு கடனுக்கு ஜப்தி நோட்டீஸோடு வாசலில் நிற்கத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பில்டரின் வாசல் மட்டும் தெரியாமல் போவது வெட்கக்கேடு. ஆகவே உத்தரவு கிடைத்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். கெடு முடிந்தும் பணம் வராவிட்டால், வசூல் சான்று கேட்டு அதே ஆணையத்தில் மனுக் கொடுங்கள். சான்றின் நகலோடு கலெக்டர் அலுவலகத்துக்கு நேரில் போய், எந்த தாசில்தாருக்கு, எந்த எண்ணில் அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.