கீச்சிடுவது எந்தப் பெல்ட்?

விடியற்காலையில் காரைக் கிளப்பும்போது எஞ்சினிலிருந்து "கீச், கீச்" என்று எலிக்குஞ்சு கத்துவது போன்ற ஓர் ஓசை எழுகிறது. ஐந்து நிமிடத்தில் அது மறைகிறது. மறுநாள் மீண்டும் வருகிறது. இதைக் கேட்கும் குடும்பத் தலைவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம் தோன்றும். வண்டியிலுள்ள பாட்டை உரக்க வைத்துக்கொண்டு ஓசையை மறந்துவிடுவது ஒன்று. "டைமிங் பெல்ட் போய்விட்டது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நடுங்கிப்போய்ப் பணத்தைத் தேடுவது மற்றொன்று. இவ்விரண்டுமே தவறான வழிகள் என்பதை எடுத்துக்காட்டவே இச்சிறு கட்டுரை.

நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மற்றொருவர் பயன்படுத்திய சிறிய கார் ஒன்றை வாங்கியிருந்தார். அது ஏற்கெனவே 80,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. தலைப்பிரசவத்துக்காக மகளை நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு அழைத்து வர வேண்டும். புறப்பட இரண்டு நாட்களே இருந்தபோது இந்தக் கீச்சொலி தொடங்கியது. அருகிலிருந்த பட்டறையில், மூடியைக்கூடத் திறந்து பாராமல், "டைமிங் பெல்ட்தான் கத்துகிறது" என்றனர். அண்டை வீட்டுக்காரரோ, "பெல்ட்டில் கொஞ்சம் சோப்பைத் தேயுங்கள், சரியாகிவிடும்" என்றார். ஆசிரியர் செய்வதறியாது திகைத்தார்.

இரண்டு பெல்ட்டுகள்

எஞ்சினில் இருவகைப் பெல்ட்டுகள் உள்ளன என்பதை நாம் முதலில் அறிய வேண்டும். ஒன்று வெளியே கண்ணுக்குத் தெரிவது. அது ஆல்டர்னேட்டரையும், வண்டிக்கேற்ப வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றையும் சுழற்றுகிறது. சிறிய கார்களில் இன்று மின் மோட்டாரே விசிறியைச் சுற்றினாலும், இதற்கு ஃபேன் பெல்ட் என்ற பழைய பெயரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. மற்றொன்று மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட். இது கீழேயுள்ள கிராங்க் ஷாப்ட்டின் சுழற்சியை மேலேயுள்ள காம் ஷாப்ட்டுக்குக் கொண்டு செல்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது காம் ஒரு சுற்றே சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, திறந்து மூடுகிறது. இவ்வளவு விரைவிலும் கணக்குப் பிசகாமல் காப்பது அந்த ரப்பர்ப் பெல்ட்டின் பற்களே.

ஃபேன் பெல்ட் உராய்வினால் இழுப்பது. இழுவை குறைந்தால் அது புல்லியின்மேல் வழுக்கும். வழுக்குவதும் பற்றுவதுமாக அது துடிக்கும்போதே கீச்சொலி பிறக்கிறது. டைமிங் பெல்ட்டோ, பற்சக்கரத்தின் பள்ளங்களில் தன் பற்களைப் பதித்து ஓடுவது. அது வழுக்குவதற்கு இடமில்லை. ஆகவே அவ்வாறு கீச்சிடுவதற்கும் இடமில்லை. கீச்சொலியைக் கேட்டவுடன் டைமிங் பெல்ட்டின்மேல் பழி சுமத்துவது பெரும்பாலும் அதற்குச் செய்யும் அநியாயமே.

அக்காலத்து அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இவ்வேலையை இரும்புச் சங்கிலி செய்தது. பவேரியாவின் கிளாஸ் நிறுவனம் 1962-இல் விற்பனைக்குக் கொணர்ந்த கிளாஸ் 1004 என்னும் காரே, பற்களுள்ள ரப்பர்ப் பெல்ட்டைக் கொண்டு பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் கார். நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800, இப்பெல்ட்டை எண்ணற்ற நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்துக்குக் கொண்டு வந்தது. பிற்காலக் கார்கள் பலவற்றில் மீண்டும் சங்கிலி இடம்பெற்றுவிட்டது. உங்கள் வண்டியில் இருப்பது சங்கிலியா பெல்ட்டா என்பதைக் கையேட்டைப் பார்த்தோ, மெக்கானிக்கைக் கேட்டோ அறிந்து வைப்பது நலம்.

ஓசையின் ஊற்றைக் காண்பது எப்படி?

ஆசிரியர் இறுதியில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை நாடினார். அவர் உடனே கருவியைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்விகளைத்தான் கேட்டார். "எப்போது கத்துகிறது? விளக்கைப் போட்டால் கூடுகிறதா? ஏ.சி.யைப் போட்டால் கூடுகிறதா?" காலையில் கிளப்பியவுடன் ஆல்டர்னேட்டர் பாட்டரிக்கு மின்னூட்டம் தர அதிகம் உழைக்கிறது. பனியின் ஈரமும் சேர்ந்துகொண்டால், தளர்ந்த பெல்ட் வழுக்கும். விளக்கும் ஏ.சி.யும் போடும்போது ஓசை கூடினால், அல்லது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது கூடினால், ஐயம் ஃபேன் பெல்ட்டின் மேலேயே விழ வேண்டும்.

அடுத்ததாக, ஓடும் எஞ்சினில் அந்த வெளிப் பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்தார். ஓசை கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்று பொருள். ஓசை அடங்கிச் சற்று நேரத்தில் மீண்டும் வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இச்சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். செய்பவர் பழகிய கையாக இருத்தல் வேண்டும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, குழந்தைகள் யாவும் எஞ்சினுக்கு எட்டாத தொலைவில் இருப்பது அவசியம். டைமிங் பெல்ட்டின்மேலோ தண்ணீர், எண்ணெய், வேறெந்தத் திரவமும் படவே கூடாது.

கீச்சொலியன்றி உறுமலாகவோ கரகரப்பாகவோ கேட்டால், பெல்ட்டை விட்டுப் பேரிங்கை நோக்க வேண்டும். மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடாத பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதற்கு ஒப்பானதே அது. எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தாலும் தேய்ந்த பேரிங் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இறுதிச் சோதனை எளியது, தெளிவானது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டால் ஓடுவதால், நீண்ட நேரம் ஓட்டினால் எஞ்சின் சூடேறிவிடும். ஓசை நின்றுவிட்டால் குற்றம் வெளியே உள்ளது. நிற்காவிட்டால் மூடிக்குள் பார்க்க வேண்டும். அங்கும் பெல்ட்டைவிட அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கோ, அதே பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்போதான் பெரும்பாலும் ஓசையிடும். அளவுக்கு மீறி இறுக்கிய டைமிங் பெல்ட் ஊளையிடுவதும், தளர்ந்தது மூடியில் உரசித் தட்டுவதும் உண்டு.

ஆசிரியரின் வண்டியில் இச்சோதனையின்போது ஓசை அடியோடு நின்றது. ஃபேன் பெல்ட் தேய்ந்து, கண்ணாடி போலப் பளபளத்துக் கிடந்தது. சில நூறு ரூபாயில் புதியது வந்தது, கீச்சொலி ஒழிந்தது.

மௌனம் நலமன்று

ஆசிரியர் மகிழ்ந்து புறப்பட எழுந்தபோது, முதியவர் அவரைத் தடுத்துக் கேட்டார்: "சார், கத்துகிற பெல்ட்டை மாற்றிவிட்டோம். கத்தாத பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள்?"

"தெரியவில்லையே, அண்ணே. விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை."

மூடியைத் திறந்தனர். பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. காம் ஷாப்ட்டின் சீல் கசிந்து, பெல்ட்டின் ஓரம் எண்ணெயில் ஊறியிருந்தது. அந்தப் பெல்ட் ஒரு நாளும் ஓசை எழுப்பியதில்லை. அறுந்துபோகும் நாளிலும் அது முன்னறிவிப்புத் தந்திராது.

டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். அதோடு போனால் நன்றுதான். ஆனால் பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றே. இரண்டும் வேறு வேறு நேரத்தில் அவ்விடத்துக்கு வருமாறு காப்பது பெல்ட் ஒன்றே. அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், வால்வுகள் வளையும், எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட ஆகும் செலவு பெல்ட்டின் விலையைப்போலப் பன்மடங்காகும். அதைவிடக் கொடியது, நிறைமாதப் பெண்ணுடன் நள்ளிரவில் நெடுஞ்சாலை நடுவே நிற்பது.

ஆகவே டைமிங் பெல்ட்டைக் காதால் சோதிக்க இயலாது. கணக்கால்தான் காக்க இயலும். பெரும்பாலான வண்டிகளில் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்கிறார்கள். அதிகம் ஓடாத வண்டியிலும் ரப்பர் முதுமையடையும் என்பதால், ஆண்டுக் கணக்கும் உண்டு. எது முந்தி வருகிறதோ அதையே கொள்ள வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். மாற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட்டால் ஓடுமானால் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். ஏனெனில் அவற்றுக்காகப் பின்னர் மீண்டும் அதே கூலியைத் தர நேரும். புதிய பெல்ட்டைப் போட்டபின், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் நேர்வருகின்றனவா என்று பார்க்கும் மெக்கானிக்கை நீங்கள் நம்பலாம்.

ஆசிரியர் ஒரு நாள் தாமதமாகப் புறப்பட்டார். மகளை நலமாக அழைத்து வந்தார். இன்று அவர் காரின் முன்பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில் டைமிங் பெல்ட் மாற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும் எழுதப்பட்டுள்ளன. பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இன்று மாலையே இப்படி ஒரு குறிப்பேட்டைத் தொடங்கலாம். அந்த முதல் வரியை எழுத முடியாதவர்கள், வண்டி எவ்வளவு அமைதியாக ஓடினாலும், நாளையே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.